கார்த்திகைக் கடைசி நாளில் இறங்காத பலகை

1

இரண்டு வாரமாகச் சனி ஞாயிறுகளில் எனக்கு ஒரே வேலைதான். கராஜில் கவிழ்த்துப் போட்ட படகின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பச்சை வர்ணத்தைச் சுரண்டுகிறேன். ஆக்லாந்தில் யாரும் படகுக்கு இந்தப் பச்சையை அடிப்பதில்லை. இது புதுவயலில் ரைஸ்மில் கதவுக்கும் தூணுக்கும் அடிக்கிற பச்சை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, இன்னும் போகவில்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறார். எங்கள் ஊர் ஆட்கள் அடித்த வர்ணம் அவ்வளவு சுலபத்தில் போகாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

படகு என்றதும் காரைக்குடிப் பக்கத்து வாசகர்கள் சிரிப்பார்கள். நான் கல்லல்காரன். எங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்களைவிடப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற மாதங்கள்தான் அதிகம். ஆனால் இந்த ஊரில் நம் ஊர் சைக்கிள் மாதிரி வீட்டுக்கு வீடு படகு. என் மகள் பள்ளிக்கூடத்திலேயே பாய் விரித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்புறம் நச்சரித்து, பழைய ஒட்டுப்பலகைப் படகு ஒன்றை வாங்க வைத்தாள். ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு துடுப்பு, அவ்வளவுதான். இன்ஜின் கிடையாது. அவள் வேலை கிடைத்து வெலிங்டன் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது படகு தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றை விளக்கிவிட வேண்டும். இந்தப் படகின் அடியில் நட்டநடுவே நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதற்கு நேர் மேலே, படகுக்குள், குறுகலான பெட்டி மாதிரி ஒரு கூடு. கூட்டுக்குள் ஒரு பலகை நிற்கும். கயிற்றைத் தளர்த்தினால் பலகை பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும், இழுத்தால் மேலே ஏறிக்கொள்ளும். அதற்கு நடுப்பலகை என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். காற்று முதுகில் அடிக்கும்போது அது தேவையில்லை. காற்றை எதிர்த்து வீடு திரும்ப வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது. பலகை இறங்காத படகு முன்னால் போகாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டே போகும்.

போன வருஷம் கார்த்திகைக் கடைசி நாளில் அந்தப் பலகை இறங்கவில்லை. படகில் நான், என் மகள், என் மனைவியின் அண்ணன் மூவரும் இருந்தோம்.

2

மச்சான் பெயர் சுப்பையா. புதுவயலில் ரைஸ்மில் வைத்திருக்கிறார். என் மனைவி மீனாள் அவருக்கு ஒரே தங்கை. அவர் வரப்போகிறார் என்று போன் வந்த அன்றே எதற்கு வருகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மகன் பழனிக்கு எங்கள் மகளைக் கேட்க வருகிறார்.

மகள் பெயர் கண்ணாத்தாள். நாட்டரசன்கோட்டை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. வீட்டில் கண்ணு, இங்கே சிநேகிதர்களுக்குக் கேத்தி. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் அவள் தமிழ் வளரவில்லை. படிப்பு, கோபம், அரசியல் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். பசிக்குது, தூக்கம் வருது, வேணாம் என்பதெல்லாம் இன்னும் கல்லல் தமிழில் வரும். மாமா வருகிற செய்தி கேட்டதும் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா மேல எனக்கு ரொம்பப் பிரியம்ப்பா. ஆனா பழனியைக் கட்ட மாட்டேன். நீங்களே மாமாட்டச் சொல்லிருங்க."

சொல்லிருங்க என்று அவள் போய்விட்டாள். சொல்வது யார்?

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கை மகள் மேல் அண்ணன் வீட்டுக்கு உரிமை உண்டு. தாய்மாமன் வந்து கேட்க வேண்டும். கேட்டபின் பெண்ணின் அப்பன் இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போகும். நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்க மாட்டார்கள். சரி, கேட்காமலே விட்டுவிட்டால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. பிறந்த வீட்டில் தனக்கு மதிப்பில்லை என்று தங்கைக்கு மனசு விட்டுப்போகும். கொடுக்கிறார்களோ இல்லையோ, கேட்பது கேட்டாக வேண்டும். மீனாளுக்கும் மகளின் மனசு தெரியும். ஆனாலும் அவள், "அது வேற. அண்ணன் வாய்விட்டுக் கேக்கட்டும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கிருந்த பயமெல்லாம் ஒன்றுதான். அவர் கேட்டுவிட்டால் நான் இல்லை என்று சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்குப் புறப்பட்ட அன்று கல்லல் ஸ்டேஷனில் நகர்கிற ரயிலோடு பிளாட்பாரம் முடிகிறவரை நடந்து வந்த மனுஷர் அவர். அவர் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் ஆகாது.

நல்ல காலம், விமான நிலையத்தில் இந்த நாட்டுச் சர்க்கார் எனக்கு உதவி செய்தது. இங்கே வெளியிலிருந்து இலை, காய், விதை எதையும் உள்ளே விட மாட்டார்கள். மச்சான் பெட்டியைத் திறந்தால் வெற்றிலைக் கட்டு, கொட்டைப்பாக்கு, மஞ்சள் கிழங்கு, மட்டையோடு தேங்காய். கையுறை போட்ட அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார்.

"அய்யா, இது திங்கிறதுக்கு இல்ல. பொண்ணு கேக்குறதுக்குக் கொண்டாந்தது" என்று மச்சான் அவரிடம் தமிழிலேயே மன்றாடினார்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். சாப்பிடுவதற்கு இல்லை என்கிறார் என்று பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். சாப்பிடாததை எதற்குக் கொண்டுவருவது என்று சொல்லிப் பாக்கியையும் தொட்டியில் போட்டார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஃபிஜிக்காரர் கடையில் பாக்கு கிடைத்தது. தேங்காய் சூப்பர்மார்க்கெட்டிலேயே இருந்தது. வெற்றிலைதான் கிடைக்கவில்லை.

"வெத்தலை இல்லாம வாயத் தொறக்கலாமா மாப்ள?" என்றார் மச்சான் ஒருநாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"கூடாது மச்சான்" என்றேன். இவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

என் கணக்கு இதுதான். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். தை பிறந்தால் புதுவயலில் நெல் லாரிகள் வரிசை கட்டிவிடும், மில் முதலாளி அங்கே நின்றாக வேண்டும். கார்த்திகை முடிகிறவரை அவரை எப்படியாவது ஓட்டிவிட்டால் பொங்கலுக்குள் விமானம் ஏற்றிவிடலாம். கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

3

மச்சானைச் சும்மா உட்கார வைத்தால் பேச்சு அங்கே போய்விடும். ஆகவே லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிக் காட்டினேன். எரிமலையைக் காட்டினேன். "இதுல என்ன வெளையுது?" என்றார். ஆட்டுப் பண்ணையைக் காட்டினேன். "இம்புட்டு ஆட்டுக்கு ஒரே ஒரு ஆளா" என்று அந்த ஆளுக்காக வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்தால் மீனாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றபடி அண்ணன் கேட்டாரா என்று கண்ணாலேயே என்னைக் கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒருநாள் கராஜில் படகைப் பார்த்தார். சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது, வெளுத்துப்போய்க் கெடக்கு. பொம்பளப்பிள்ளை ஓட்டுற வண்டிய இப்படியா வச்சிருப்பீக?"

அவர் மில்லில் ஒவ்வொரு வருஷமும் அரவை தொடங்குமுன் வர்ணம் அடிப்பார்கள். ஓடுவது, ஓடாதது, கதவு, தூண், தராசு, சைக்கிள் என்று கைக்கு எட்டியதெல்லாம் பச்சையாகிவிடும். அடிக்காமல் ஓட்டினால் விளங்காது என்பது அங்கே சட்டம். கடையில் பத்துக் கலரைக் காட்டியும் அவர் விரல் அந்தப் பச்சையில்தான் போய் நின்றது. வெளியே அடித்தார், உள்ளே அடித்தார், துடுப்புக்கு அடித்தார். நடுப்பலகையைக் கழற்றிச் செங்கல் மேல் படுக்கவைத்து இரண்டு பக்கமும் மூன்று கோட்டு கொடுத்தார். வர்ணம் அடிக்கிற நேரத்தில் அவர் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் நான் இன்னொரு டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன்.

நான் சிவில் இன்ஜினியர். என் பட்டம் இங்கே செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நகராட்சி ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இறுக்கமான கூட்டுக்குள் ஏறி இறங்க வேண்டிய பலகைக்கு மூன்று கோட்டு எனாமல் அடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பட்டம்கூடத் தேவையில்லை. வர்ணம் முழுதாகக் காயுமுன் இரண்டு பேரும் பலகையைக் கூட்டுக்குள் உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றினோம். நல்ல வெயிலில் படகை வெளியே போட்டோம். டிசம்பர் இங்கே கோடைக்காலம்.

4

கார்த்திகைக் கடைசி நாள் சனிக்கிழமை. அப்போது படித்துக்கொண்டிருந்த மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மச்சான் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, வெத்தலை கெடக்கட்டும். இன்னைக்கு விட்டா நாளைக்கு மார்கழி. ஒரு விஷயம் பேசணும்."

"பேசுவோம் மச்சான். பிள்ளை உங்களைப் படகுல கூட்டிப்போகணும்னு நிக்குது. போயிட்டு வந்து பேசுவோம்."

அவள் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. என்னை முறைத்துவிட்டுப் போய்ப் பாயை எடுத்துவந்தாள். மீனாள் படகுப் பக்கமே வர மாட்டாள். சமைத்து எடுத்துக்கொண்டு மத்தியானம் கடற்கரைக்கு வருகிறேன் என்றாள்.

மச்சானுக்கு நீச்சல் தெரியாது. சட்டைக்கும் வேட்டிக்கும் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மகள் மாட்டிவிட்டாள். கரையிலிருந்து கடலை நோக்கி நல்ல காற்று. கரை கடலுக்குள் நீண்டு முடிகிற முனையைப் படகு தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. மச்சான் முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பிறகு திறந்தார். "சத்தமே இல்லாம ஓடுதே" என்றார். மில் முதலாளிக்கு அதுதான் ஆச்சரியம்.

அலை கொஞ்சம் உயர ஆரம்பித்ததும் மகள் சொன்னாள்.

"போதும்ப்பா, திரும்பிருவோம். பலகைய எறக்குங்க."

கயிற்றை அவிழ்த்தேன். பலகை அசையவில்லை. கயிற்றை உதறினேன். கையால் அழுத்தினேன். கூடும் பலகையும் ஒரே கட்டையாகிவிட்டதைப் போல இருந்தது. அவள் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு வந்து மேல்விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி எம்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து கூட்டுக்குள் பார்த்தாள்.

"இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

நான் கடலைப் பார்த்தேன்.

"நாந்தான் ஆத்தா. மூணு கோட்டு" என்றார் மச்சான். குரலில் இன்னும் பெருமைதான் இருந்தது.

அவள் பாயை இழுத்துக் கட்டித் திருப்பிப் பார்த்தாள். படகு மூக்கைக் கரைப்பக்கம் திருப்பியது, ஆனால் போனதென்னவோ பக்கவாட்டில்தான். வலது கைப்பக்கம் ஒரு பாறைத்திட்டு. கொஞ்ச நேரம் முன்னால் அழகாக இருக்கிறது என்று மச்சானுக்கு நான் காட்டிய திட்டு. இப்போது அதில் மோதுகிற அலையின் சத்தம் கேட்டது. அவள் பாயை இறக்கினாள். ஒற்றைத் துடுப்பால் மாறி மாறித் தள்ளினோம். துடுப்புக்குக் கிடைத்ததைவிடக் காற்றுக்குக் கிடைத்தது அதிகம்.

தூரத்தில் ஒரு பெரிய படகு போனது. மூன்று பேரும் எழுந்து நின்று கையை வீசினோம். அதிலிருந்தவர்கள் சந்தோஷமாகத் திருப்பிக் கையை வீசிவிட்டுப் போனார்கள். பச்சைப் படகும் வேட்டியும் அவர்களுக்கு ஏதோ திருவிழாவாகத் தெரிந்திருக்கும்.

"நகருங்க மாப்ள இங்குட்டு" என்று மச்சான் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். மில்லில் பெல்ட் சிக்கினாலும் சல்லடை அடைத்தாலும் ஓங்கி ஒரு போடு போட்டுப் பழகியவர். துடுப்பின் பிடியால் பலகையின் தலையில் இடித்தார். அவள், "மாமா, வேணாம்" என்று கத்துவதற்குள் இன்னும் பலமாக இடித்தார். படீரென்று சத்தம் கேட்டது. பலகை இறங்கவில்லை. கூடு அடியில் விரிசல் விட்டு, அந்த வழியாகத் தண்ணீர் மெதுவாக உள்ளே வர ஆரம்பித்தது.

பால் டப்பாவை வெட்டிச் செய்த குவளையால் நான் இறைத்தேன். என் பிள்ளையை இங்கே கூட்டிவந்து விட்டேனே என்று மட்டும்தான் மனசு அடித்துக்கொண்டது. மச்சான் துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நாளைக்கு மார்கழி. நாளைக்குன்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ. கையில வெத்தலை இல்ல, தப்பா நெனைக்காதீக. எந் தங்கச்சி மகளை எம் மகன் பழனிக்குத் தாரீகளா?"

என் கையில் குவளை அப்படியே நின்றது. இத்தனை நாள் எதிலிருந்து ஓடினேனோ அது நடுக்கடலில் என் முழங்காலுக்கு முன் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்து போக இடமில்லை.

மகள்தான் பேசினாள்.

"மாமா, கரைக்குப் போய் நானே பதில் சொல்றேன். இப்ப எனக்கு மெல்லிசா, கெட்டியா ஒரு கயிறு வேணும்."

5

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பலகை ஒரு பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மேலிருந்து மெல்லிய கயிற்றை விட்டு, அடியில் ஒருவர் பிடித்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் மாறி மாறி இழுத்தால் வர்ணம் அறுபடும். படகிலிருந்த கயிறெல்லாம் கட்டைவிரல் தடிமன். இடுக்கில் நுழையாது. என் ஷூ கயிற்றைக் கொடுத்தேன். இரண்டு இழுப்பில் அறுந்துபோனது.

மச்சான் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டவர் அப்படியே நிறுத்தினார். அவர் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது, நல்ல முறுக்கேறிய கயிறு. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து அதை அவிழ்ப்பது உயிர் போன பிறகுதான். புதுக் கயிறு கட்டினால்கூட, அதைக் கட்டிய பிறகே பழையதை அறுப்பார்கள். வெறும் இடுப்போடு ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டார்கள். நீச்சல் தெரியாத மனுஷர், தண்ணீர் ஏறுகிற படகில் உட்கார்ந்து அதை அவிழ்க்க வேண்டும்.

"வேற ஏதாச்சும் பாப்போம் மச்சான்" என்றேன்.

"பிள்ளை கேக்குதுல்ல" என்று முடிச்சைப் பல்லால் இழுக்க முயன்று, முடியாமல், என் சாவிக்கொத்தின் சின்னக் கத்தியை வாங்கி அறுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அறுத்தார். அதன் நுனியில் பாரத்துக்குக் கராஜ் சாவியைக் கட்டி இடுக்கு வழியாக இறக்கினோம்.

அடியில் போக வேண்டுமென்றால் மிதவைச் சட்டையோடு முங்க முடியாது. அவள் அதைக் கழற்றிப் போட்டாள். பாய்க் கயிறு ஒன்றை அவள் இடுப்பில் கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். ஒரு கையால் தண்ணீர் இறைத்தேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போனாள்.

மச்சான் கூட்டின் மேல் குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தார். அவரால் அவளைப் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது. கயிறு கீழே இழுபட்டது. அவர் மேலே இழுத்தார். மறுபடியும் கீழே போனது. "இருக்கா, இருக்கா" என்று ஒவ்வொரு இழுப்புக்கும் முனகினார். அவள் மேலே வந்து மூச்சு வாங்கினாள், மறுபடி போனாள். கூட்டுக்குள்ளிருந்து வர்ணம் பச்சைத் தூளாகத் தண்ணீரில் மிதந்து வந்தது. பாறைத்திட்டில் உட்கார்ந்திருந்த பறவைகளின் அலகு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம்.

ஒரு தடவை கீழே போனவள் கயிற்றை இழுக்கவில்லை.

மச்சான் காத்திருந்தார். "மாப்ள, இழுபடல" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "மாப்ள, பிள்ளை இழுக்கல. கண்ணு. ஏ ஆத்தா, கண்ணு." கூட்டின் மேல் வாயை வைத்துக் கூப்பிட்டார். நான் என் மணிக்கட்டுக் கயிற்றை இழுத்தேன், அது எதிலோ மாட்டியதைப் போல விறைத்து நின்றது. மச்சான் எழுந்துவிட்டார். ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார். நீச்சல் தெரியாத மனுஷர் குதிக்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. எட்டி அவர் வேட்டியைப் பிடித்தேன்.

அப்போது கூட்டுக்குள் தடாலென்று சத்தம். பலகையின் தலை உள்ளே அமுங்கியது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, தள்ளாடுவதை நிறுத்தியது. மறுபக்கம் அவள் தலை மேலே வந்தது. இருமினாள். பலகையின் முனை வெளியே வந்ததும் அதையே பிடித்துத் தொங்கியிருக்கிறாள்.

இரண்டு பேரும் சேர்ந்து அவளை உள்ளே இழுத்துப் போட்டோம். மச்சான் அவள் தலையைத் தன் துண்டால் துவட்டத் துவட்ட அழுதார். நானும் அழுதேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டுப் பாயை ஏற்றினாள்.

6

திரும்பும்போது மச்சான்தான் தண்ணீர் இறைத்தார். பாறைத்திட்டு பின்னால் போய்விட்டது. கரையில் மீனாளின் சேலை நிறம் தெரிகிற தூரத்தில், சுக்கானைப் பிடித்தபடி மகள் சொன்னாள்.

"மாமா, நான் பழனியைக் கட்டல. எனக்கு வேணாம். அப்பாவக் கோவிச்சுக்காதீக. எங்க வீட்டுக்கு வராம இருக்காதீக."

அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். வேறு யாராவது இதையே சொல்லியிருந்தால் பேச்சில் மெழுகியிருப்பார்கள், ஜாதகம், படிப்பு என்று எதையாவது காரணம் காட்டியிருப்பார்கள். இவளுக்கு அது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை சோறு வேண்டாம் என்பதைப் போலச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

மச்சான் குவளையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினேன். களைப்புதான் தெரிந்தது.

"குளுருதா ஆத்தா?" என்று கேட்டார். துண்டைப் பிழிந்து அவள் தோளில் போட்டார்.

கரையில் இறங்கியதும் மீனாள் ஓடி வந்தாள். மூன்று பேரும் நனைந்திருப்பதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாள். "பலகை மாட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் மச்சான். மகளை உடை மாற்ற மீனாள் கூட்டிப்போன பிறகு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, நான் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லல. பிள்ளையும் சொல்லல. கேட்டு மறுத்தாகன்னு தெரிஞ்சா எம் வீட்டுக்காரி சும்மா விட மாட்டா, எம் பங்காளிக விட மாட்டாக. நாளப்பின்ன நீங்க அங்குட்டு வந்தா எம் வீட்டுல கை நனைக்க முடியாது. நான் கேக்கவே இல்லைனு சொன்னா, பேச்சு அதோட போயிரும். மீனாகிட்டயும் மூச்சு விடாதீக. அதுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

"அப்ப ஊர்ல உங்களைத்தானே மச்சான் பேசுவாக?"

"பேசிட்டுப் போறாக" என்றார். படகிலிருந்த மிச்சக் கயிற்றில் மெல்லியதாக ஒரு பிரி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அன்று மீனாள் பரிமாறிய எதையும் அவர் மறுக்கவில்லை.

7

பேசிவிட்டுப் போகவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தங்கச்சி வெளிநாடு போனதும் சுப்பையாவுக்கு உறவு கசந்துவிட்டது, பிளேன் ஏறிப் போயும் மருமகளைக் கேட்காமல் வந்துவிட்டான், பெரிய இடமாகப் பார்த்து மகனுக்கு முடிக்கத்தான் இத்தனையும் என்று புதுவயலில் பேச்சு. அவர் மனைவியே அவரோடு சரியாகப் பேசுவதில்லையாம். போன மாதம் பழனியின் கல்யாண அழைப்பிதழ் வந்தது. பெண் தேவகோட்டை, கல்யாணம் தை மாதம் என்று மச்சான் முன்பே போனில் சொல்லியிருந்தார். மீனாள் கவரைப் பிரிக்கவில்லை.

"நான் வரல. நீங்க வேணா போங்க. கொடுத்திருப்பமா மாட்டமாங்கிறது வேற. இம்புட்டுத் தூரம் வந்து, என் கையால அத்தனை நாள் சாப்பிட்டு, எங்கண்ணன் என் மகளை ஒரு வார்த்தை கேக்கலயே. அப்ப நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்லையா?"

மச்சான் மாதம் ஒருதரம் போன் செய்கிறார். நான் எடுத்தால், மீனா எப்படி இருக்கு மாப்ள என்கிறார். அவள் பக்கத்தில்தான் நிற்பாள், கையை நீட்ட மாட்டாள். குளிக்கிறாள் மச்சான் என்பேன். போன தடவை, "எப்பப் பேசுனாலும் குளிக்குதே" என்றார். அவர் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டு இரண்டு வீட்டையும் காப்பாற்றப் பார்த்தார். அதில் தங்கையை இழந்துவிட்டார் என்று அவருக்கே இப்போதுதான் தெரிகிறது.

வெலிங்டனிலிருந்து மகள் போனில் கேட்டாள், அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று. வேண்டாம், அது என் வேலை என்று சொன்னேன். நேரே சொல்லப் போனால் மீனாள் பேச்சை மாற்றிவிடுகிறாள், அண்ணன் பெயர் வந்தாலே எழுந்து போய்விடுகிறாள். அழைப்பிதழ் இன்னும் மேசை மேல் பிரிக்காமல்தான் கிடக்கிறது. கல்யாணம் தை மாதம். இன்னும் நாள் இருக்கிறது.

நான் இதை எழுதி அனுப்புகிற இந்த இதழ் தபாலில் வந்தால் எங்கள் வீட்டில் உறையைக் கிழித்து முதலில் படிப்பவள் அவள்தான். புதுவயலிலும் கல்லலிலும் படிப்பார்கள், படிக்கட்டும். மச்சானுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், அவர் என்னைத் திட்டட்டும். இனி அவர் வீட்டில் நான் கை நனைக்க முடியாமல் போனாலும் போகட்டும்.

மீனாள், அண்ணன் கேட்டார். வெற்றிலை இல்லை, தப்பாக நினைக்காதீக என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கணுக்கால் வரை தண்ணீர் ஏறிய படகில் உட்கார்ந்து, உன் மகளை முறையாகக் கேட்டார்.